எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மெனு

அக்கா இப்போது உடையார்பாளையம் பக்கம் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கப் போகிறாள். அதற்கு நான் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. அவளும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெரம்பலூரில் நான் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கியபோது அதன் இணையதளத்தையும் நானே செய்தேன். பதினெட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு மெனு: முகப்பு, பாடங்கள், சேர்க்கை, தொடர்பு, ஓரத்தில் போன் எண். எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்திருந்தேன். ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் பதினெட்டு முறை மாற்ற வேண்டும். எப்படியும் ஒன்றிரண்டு தப்பிவிடும். போன் எண் மாறியபோது அப்படித் தப்பிய பக்கத்தில் பழைய எண் கிடந்தது. அந்த எண்ணை வாங்கியிருந்த சிமெண்ட் லாரி டிரைவர், அட்மிஷன் கேட்டு வரும் போன் பொறுக்காமல் நேரிலேயே வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

பட்டால்தானே புத்தி வரும். மெனுவைத் தனி ஃபைலாக எழுதி, எல்லாப் பக்கமும் அதையே எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். ஓரிடத்தில் மாற்றினால் போதும், எங்கும் மாறிவிடும். வகுப்பில் இதை நடத்தும்போது நானே கண்டுபிடித்த மாதிரி பீற்றிக்கொள்வேன்.

அந்த வகுப்பில் அக்காவும் இருந்தாள். கல்யாணம் முறிந்து வீடு திரும்பியிருந்த நேரம். இரண்டே வருடத்தில் பாடம் நடத்தும் அளவுக்கு வந்துவிட்டாள். அரியலூரில் ஒரு கிளை திறந்து அவளிடம் கொடுத்தேன். மெனுவில் 'அரியலூர் கிளை' சேர்ந்தது. சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்ல அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

பிள்ளைகள் போனிலேயே படிக்கத் தொடங்கினார்கள். அரியலூரில் கடைசி பேட்ச்சில் இரண்டே பேர். ஷட்டரை இறக்கினோம். ஆனால் மெனுவிலிருந்து எடு என்று அவளும் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒரு நாள் அரியலூரிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். "ஏங்க, செந்துறைலேர்ந்து பஸ் ஏறி வந்துருக்கேன். இங்க பூட்டிக் கெடக்கு. இல்லாத எடத்தை எதுக்குங்க போட்டு வெச்சிருக்கீங்க?"

அன்று மாலையே மெனு ஃபைலைத் திறந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு பக்கத்துலயாச்சும் வுட்டு வையேன். யாரும் பாக்காத பக்கமா இருந்தாலும் சரி."

"அதெப்படிக்கா முடியும்? ஒரே மெனுதான. இருந்தா எல்லாத்துலயும் இருக்கும், போனா எல்லாத்துலயும் போயிடும்" என்று எரிந்து விழுந்தேன்.

பொய். ஒரு பக்கத்துக்கு மட்டும் தனி மெனு வைக்க ஐந்து நிமிடம் ஆகாது. அவளுக்கும் அது தெரியும். சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அந்தப் பெயரைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. என் தோல்வி என்று மட்டுமே நினைத்தேன். போனது அவளுடைய பிழைப்பு, அவளுக்கு வேறு வழி செய்ய வேண்டும் என்று தோன்றவே இல்லை. பாவி நான்.

அவள் வாதாடவில்லை. "தள்ளு, நானே எடுக்கறேன்" என்று உட்கார்ந்து அந்த ஒரு வரியை அழித்தாள். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். பதினெட்டையும்.

"எங்கயாச்சும் ஒண்ணுல தப்பி நிக்குதாடா?"

"இல்லக்கா" என்றேன்.