மூன்றாம் சனிக்கிழமை உப்பு

எங்கள் சமையல்கட்டு மேடையில், மிக்சிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பீங்கான் ஜாடி நிற்கிறது. தோள் வரைக்கும் தவிட்டு நிறம், கீழே வெள்ளை. வாயை வேட்டித் துணியால் மூடி, சணல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறது. அந்த முடிச்சு என் மதினி போட்டது. உள்ளே கல் உப்பு. அண்ணன் வீட்டைக் காலி செய்துகொண்டு மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனபோது, புதுச் சமையலறையில் இதற்கு இடமில்லை என்று மதினி இதை என்னிடம் கொடுத்துவிட்டார். "உப்பு அப்படியே இருக்கு தம்பி. வழியில கட்டை அவுத்துறாதீக, மழை ஈரத்துக்கு நமுத்துப் போயிரும்" என்றார். சொல்வதற்கு அவரிடம் இன்னும் நிறைய இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. நான் மதினி என்று கூப்பிட, கொட்டாம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவும் மதினி என்று கூப்பிட, நாளடைவில் கோரிப்பாளையத்தில் நாங்கள் இருந்த சந்து முழுக்க அவர் மதினி ஆகிவிட்டார். காய்கறி வண்டிக்காரர்கூட, "மதினி, அவரைக்கா பிஞ்சா வந்திருக்கு" என்றுதான் குரல் கொடுப்பார். புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் கறி, முட்டை கிடையாது. மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல். அன்றைக்கு அண்ணன் குடும்பம், என் குடும்பம், அக்கா குடும்பம் எல்லோரும் அந்த வீட்டில் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார வேண்டும். அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்து, தன் தோட்டத்துப் பூசணிக்காயைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பூவும் துளசியும் வாங்கி வருவது என் வேலை. மற்ற அத்தனையும் மதினி. புளிச்சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு, பூசணிக்காய்ச் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், கடலைச் சுண்டல், வடை. இருபது பேர் சாப்பாட்டை ஒற்றை ஆளாகச் செய்வார். யாராவது உதவிக்கு வந்தால் தேங்காய் துருவக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுவார்.

படையலுக்குச் சமைப்பதை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. சாமி சாப்பிடும் முன் நாம் ருசி பார்த்தால் அது எச்சில். அதனால் மதினி மூக்கால்தான் சமைத்தார். கொதிக்கும் சாம்பாரின் ஆவியை உள்ளங்கையால் தன் பக்கம் விசிறிக்கொள்வார், கண்ணை மூடுவார், ஜாடியில் கையை விட்டு இன்னும் நாலு கல் எடுத்துப் போடுவார். அவ்வளவுதான். உப்புக்கு ஏது வாசம் என்று நான் கேலி செய்வேன். "கொதிக்கிற வாசத்துல தெரியும் தம்பி, உங்களுக்குச் சொன்னா வெளங்காது" என்பார். அந்த மூக்குக்கு நான் ஒருமுறை கையும் களவுமாகச் சிக்கியிருக்கிறேன். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் முடிந்து வரும் வழியில் கடையில் முட்டைப் பரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டு அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மதினி வாசலுக்கே வந்துவிட்டார். "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க தம்பி. உங்க அண்ணன் உக்காந்திருக்காக" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உள்ளே போய்விட்டார். அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் அந்த மாதம் முழுக்க என்னை வைத்து வாங்கியிருப்பார். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கொரோனா எங்கள் எல்லோருக்கும் வந்து போனது. எங்கள் நாக்கும் மூக்கும் பத்துப் பதினைந்து நாளில் திரும்பிவிட்டன. மதினிக்குத் திரும்பவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றாடச் சமையலுக்குக் கரண்டிக் கணக்கு வைத்துக்கொண்டு ஒப்பேற்றியிருக்கிறார். எல்லோரும் ஒன்றாகச் சேரும் நாளின் பெரிய அண்டாவுக்கு அந்தக் கணக்கு உதவாது. அந்த வருடம் மூன்றாம் சனிக்கிழமைக்கு முதல் நாள், தேங்காய் கொடுக்கப் போன என்னைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

"வாசமும் இல்ல, ருசியும் இல்ல தம்பி. மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு. நாளைக்கு நீங்க கொஞ்சம் வெள்ளன வந்து உப்புப் பாத்துச் சொல்லிருங்க."

"படையலுக்கு முந்தி வாயில வைக்கலாமா மதினி?"

"பாவம் என்னோட போகட்டும். நீங்க நாக்கை மட்டும் குடுங்க. உங்க அண்ணன் ஏற்கெனவே வெளியில ஆர்டர் குடுத்துருவோம், ஆர்டர் குடுத்துருவோம்னு நிக்கிறாக. இது தெரிஞ்சா என்னைய அடுப்பை விட்டு எழுப்பிருவாக. நான் எந்திரிச்சிட்டா அப்புறம் இந்த வீட்டுக்கு யாரு வருவா?"

வீட்டில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு அப்போதே புரிந்தது. முட்டைப் பரோட்டா தின்றவனுக்கு எச்சில் தோஷம் பெரிதாகப் படாது என்று கணித்திருந்தார். கணிப்பு சரிதான். மறுநாள் ஏழு மணிக்கே போய்விட்டேன். கிழிந்த வாழை இலைத் துண்டில் ஒரு சொட்டுச் சாம்பார், ஒரு பருக்கை புளிச்சோறு, ஒரு கடலை என்று பின்பக்கம் கொண்டுவந்து நீட்டினார். சரி என்றால் நான் கண்ணை மூடித் திறக்க வேண்டும். போதாது என்றால் மூக்கைச் சொறிய வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ப் பெருமாள் படத்துக்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அடுப்புக்குத் திரும்பினார். அன்றைய சாப்பாட்டை அக்கா வாயாரப் புகழ்ந்தாள். "மதினி கைக்கு அம்புட்டும் அளவு தெரியுது" என்றாள். மதினி பரிமாறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றும் வேலை என் வாய்க்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வருடமும் அதே ஏற்பாடு. எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். துளசியும் சம்பங்கியும் வாங்கிவிட்டேன். திரும்பும்போது என்னோடு முன்பு வேலை பார்த்த வாத்தியார் ஒருவரைப் பார்த்தேன். ஒரு டீ இரண்டு டீயாக, பழைய தலைமையாசிரியர் எப்படி நடப்பார் என்று நான் நடித்துக் காட்ட, டீக்கடையே சிரித்தது. நாலு பேர் சிரித்தால் எனக்கு நேரம் தெரியாது. நடுவில் மதினி இரண்டு முறை போன் செய்தார். இன்னும் இரண்டு முழம் பூ வேண்டுமாக்கும் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழையால்தான் தாமதம் என்று வீட்டில் சொன்னேன். மழை வந்தது உண்மை; ஆனால் மழைக்கு முன்பே நான் போயிருக்க வேண்டும்.

ராகு காலம் முடிந்து, பத்தரைக்கு மேல் ஒரு நிமிடம்கூட அண்ணன் பொறுக்கமாட்டார். நான் ஈரச் சட்டையோடு நுழைந்தபோது சூடம் ஏற்றியாகிவிட்டது, "கோவிந்தா" போட்டுக்கொண்டிருந்தார்கள். மதினி என்னைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையைக் கவனித்தேன், ஆனால் நிறுத்தி யோசிக்கவில்லை. பசி. காக்கைக்கு வைத்ததும் இலை போட்டார்கள். முதல் ஆளாகப் புளிச்சோற்றை அள்ளி வாயில் போட்டேன். உப்பு. புளிக்காய்ச்சலில் போட்ட உப்பை மறந்து, சோற்றில் கிளறும்போது இன்னொரு முறை போட்டிருக்கிறார். தொண்டை வரைக்கும் கரித்தது. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் பேசிப் பேசிப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே திறந்தது.

"என்ன மதினி, வைகை முழுக்கத் தண்ணி ஓடுனாலும் இன்னைக்குப் பெருமாளுக்குத் தாகம் அடங்காது போலயே!"

வரிசை மொத்தமும் சிரித்தது. பிள்ளைகள் இலையைத் தட்டிச் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை.

அண்ணன் ஒரு கவளம் தின்றுபார்த்துவிட்டுக் கையை உதறினார். "என்ன இது? சாமிக்கு வச்ச சோறா இது? ஒனக்கு என்னதான் ஆச்சு?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. மதினி கையில் சாம்பார் வாளியோடு நின்றபடி என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. "தப்பு என்னோடது. நான்தான் உப்புப் பாக்கிறதா சொல்லியிருந்தேன், வரல" என்று சொல்ல மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. சொல்லியிருந்தால் எச்சில் பண்ணிய விஷயம் வெளியே வந்திருக்கும், அண்ணன் கத்தியிருப்பார், ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். நான் குனிந்து இலையில் இருந்த வடையைப் பிட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வாத்தியார் நான்.

"வயசாகுதுல்ல. அடுத்த வருசம் வெளியில சொல்லிருவோம்" என்று அண்ணனே முடிவு சொன்னார். மதினி வாளியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவிடம், "நீ பாத்துப் போடு ஆத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் கை பரிமாறாத படையல் சாப்பாட்டை அந்த வீட்டில் அன்றுதான் முதல் முறையாகச் சாப்பிட்டோம்.

அடுத்த வருடம் ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு பேர் வேனில் கொண்டுவந்து இறக்கிப் பரிமாறினார்கள். சாப்பாடு நன்றாகவே இருந்தது, உப்பு அளவாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா கொண்டுவந்த பூசணிக்காயை யாரும் வெட்டவில்லை. மாலையில் அவளே திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த வருடம் தோட்டத்தில் வேலை என்று அவள் வரவில்லை. எங்களுக்கு அண்ணன் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இதில் பேச என்ன இருக்கிறது? நான் எந்திரிச்சிட்டா யாரு வருவா என்று மதினி கேட்டாரே, அதற்குப் பதில் யாரும் வரவில்லை என்பதுதான். அதை எண்ணாமல் ஒரு புரட்டாசியும் எனக்குக் கழிவதில்லை.

இந்த வருடம் மூன்றாம் சனிக்கிழமை நானே புளிச்சோறு கிளறுவது என்று முடிவு செய்தேன். என் மனைவி, "வெந்நி வைக்கத் தெரியாது, படையல் சோறாம்" என்று சிரித்துவிட்டுப் புளியைக் கரைத்துக் கொடுத்தாள். உப்பை மட்டும் மதினி ஜாடியிலிருந்து நானே எடுத்துப் போடுவேன் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கடுகு வெடித்து, நல்லெண்ணெய் பிரிந்து, வாசம் வந்தது. ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. இந்த ஒரு தடவையாவது முறையாகச் செய்ய வேண்டும் என்று வீம்பு. சாமிக்குக் காட்டிவிட்டு, ஒரு டிபன் பாக்ஸில் அமுக்கி நிரப்பி, ஸ்கூட்டரில் அண்ணனின் புதுக் குடியிருப்புக்குக் கொண்டுபோனேன்.

அண்ணன் அழகர்கோவிலுக்குப் போயிருந்தார். மதினி பாதியாக இளைத்திருந்தார். ருசி தெரியாத வாய்க்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் என் சோற்றை, நான் எதிரில் உட்கார்ந்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும் மதினி என்ற ஒரு வாக்கியத்தை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தபோது, பாழாய்ப்போன பழக்கம், வேறொன்று வந்தது.

"உப்புச் சரியா இருக்கா மதினி?"

கேட்ட பிறகுதான் யாரிடம் எதைக் கேட்கிறேன் என்று உணர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மெதுவாக மூடித் திறந்தார். "அளவா இருக்கு தம்பி. உங்க அண்ணனாலகூடக் குறை சொல்ல முடியாது" என்றார். நான் எழுந்து டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. இனிமேல் சொல்வேன் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இலை போட்டு, சட்டியில் மீதி இருந்த புளிச்சோற்றை வைத்தாள். ஒரு வாய் எடுத்தேன். புளிப்பு, காரம், எண்ணெய். உப்பு இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கல்கூட இல்லை. கையைக் கழுவாமல் சமையல்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மிக்சிக்கும் சுவருக்கும் நடுவில் ஜாடி நின்றது. சணல் கயிறு இரண்டு சுற்று, மேலே மதினி போட்ட முடிச்சு. அவர் கட்டிக் கொடுத்தபடியே இருந்தது. வெளியே தூற ஆரம்பித்திருந்தது. உப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரிந்திருந்தாலும் அளவாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.