செவ்வாய்க்கிழமை சலூன் லீவு

செவ்வாய்க்கிழமை பேரையூரில் சலூன்களுக்கு லீவு. எங்கள் சலூன்காரர் செல்வம் அண்ணனுக்கு மட்டும் அன்றைக்குத்தான் அலைச்சல். நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சவரம் செய்துவிடுவார்.

ரிட்டயர்டு வாத்தியாரான அப்பா படுத்திருந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது.

இன்று காலை வாசலில் அதே வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால், கையில் பையோடு அண்ணன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறார்.

"தப்பா நினைக்காதீக தம்பி. பழக்கத்துல வண்டிய இங்கிட்டுத் திருப்பிட்டேன். வாரேன்."

"வந்தது வந்துட்டீங்க. எனக்கு முடி வெட்டிட்டுப் போங்கண்ணே."

அப்பாவை உட்கார வைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணன் துண்டைப் போர்த்தினார்.

வெட்டி முடித்ததும் கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்து, அப்பாவிடம் வாராவாரம் கேட்பதையே கேட்டார்.

"மீசைய லேசா முறுக்கி விடவா சார்?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு மீசையே கிடையாது.

"அடுத்த செவ்வாயும் வாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

முறுக்குகிற அளவுக்கு மீசை வளர எத்தனை செவ்வாய் ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.