ஆளுக்குப் பாதிப் புத்தகம்

ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் ‘ஒத்தக்கோடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். டயர் கடைக்கு மேலே இருந்த இரண்டு மாடிகள்தான் ஸ்டூடியோ. எங்கெங்கோ ஒளிபரப்பாகும் கார்ட்டூன் தொடர்களை அங்கே வரைந்து அனுப்பினார்கள். அனிமேட்டர்கள் பென்சிலால் கிறுக்கித் தள்ளிய உருவங்களை, அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் வைத்து, மேலே புதுத் தாளைப் போட்டு, பத்துக் கோடு இருக்கிற இடத்தில் ஒரே கோடாகக் கை நடுங்காமல் இழுத்துக் கொடுப்பது அவள் வேலை. க்ளீன்-அப் என்று அதற்குப் பெயர். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். மகள் வளர்ந்து அவளை எட்டிப் பிடித்த பிறகும் அதே நாற்காலி, அதே ஜன்னல், கீழிருந்து ஏறி வரும் அதே ரப்பர் வாடை.

பக்கத்து நாற்காலிக்காரியின் பெயர் ஊசி. ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். ஒத்தக்கோட்டைவிட வயதில் நன்றாக இளையவள். இருந்தாலும் இருவருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே வம்பு.

ஒருநாள் மேனேஜர் வந்து நின்றார். உட்காரவில்லை. அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

“இந்த சீரியல் முடிஞ்சதும் க்ளீன்-அப் செக்‌ஷன் இருக்காது. கம்ப்யூட்டர்லயே முடிச்சுக்கப் போறாங்க. லேஅவுட்ல ஒரு ஆள் தேவைப்படுது. முடியும்னு நினைக்கிறவங்க தாடிகிட்ட பேரு குடுங்க. டெஸ்ட் வைப்பார்.”

தாடி, லேஅவுட் பிரிவின் தலைவர். தாடியை எடுத்து எத்தனையோ வருஷம் ஆகியும் பெயர் மட்டும் முகத்தைவிட்டுப் போகவில்லை. அனிமேட்டர் பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காட்சியில் கேமரா எங்கே நிற்கிறது, அறை எவ்வளவு பெரியது, கதவு எந்தப் பக்கம், ஆள் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்து வரைகிறார்களே, அதுதான் லேஅவுட். இத்தனை வருஷமும் ஒத்தக்கோடு அடுத்தவர் போட்ட சட்டத்துக்குள் கோடு இழுத்தவள். ஆள் ஏன் இடது ஓரத்தில் நிற்கிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நிற்கிறான், அவ்வளவுதான்.

பெயர் கொடுத்தவர்கள் இவளும் ஊசியும் மட்டும்தான். மற்றவர்கள் வேறு வேலை தேடப் போனார்கள்.

ஸ்டூடியோ அலமாரியில் லேஅவுட் கற்றுக்கொடுக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. தலையணை கனம். முதல் பாதி முழுக்கப் பெர்ஸ்பெக்டிவ். அதாவது தூரம் போகப் போகப் பொருள் எப்படிச் சிறுக்கிறது, கோடுகள் எந்தப் புள்ளியில் போய்ச் சேர்கின்றன என்ற கணக்கு. அடுத்த பாதி முழுக்கக் காம்போசிஷன். பார்ப்பவர் கண்ணை வேண்டிய இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற பாடம். புத்தகத்தின் முதுகு ஒட்டு ஏற்கெனவே விட்டுப்போயிருந்ததால் ஊசி லேசாக இழுத்ததுமே அது நடுவில் இரண்டாகப் பிரிந்து வந்தது.

“ஆளுக்குப் பாதிக்கா. வாரா வாரம் மாத்திக்கலாம்.”

ஒத்தக்கோட்டுக்கு முதல் பாதி வந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அடுப்பை ஏற்றிவிட்டுத்தான் படிப்பு. ஒரு பக்கம் முடிப்பதற்குள் போனில் பத்து வார்த்தைக்கு அர்த்தம் தேட வேண்டியிருந்தது. மகளிடம் கேட்டால் அவள் பாட்டுக்குக் கடகடவென்று சொல்லிவிட்டு, “இது கூடவா தெரியாது?” என்பதையும் சேர்த்துக் கொடுப்பாள். பயிற்சி என்றால் பெட்டி. மேலிருந்து பெட்டி, கீழிருந்து பெட்டி, திறந்த பெட்டி, அடுக்கிய பெட்டி. பகலெல்லாம் குனிந்த கழுத்து சாயங்காலமும் குனிந்தது. தோள்பட்டையில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

கண்மட்டக் கோடு என்ற பாடம் மட்டும் சட்டென்று பிடிபட்டது. அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், மூட்டுவலிக்காரர். வேலையிலிருந்து வந்ததும் தரையில் காலை நீட்டிப் படுத்துவிடுவார். அன்றைக்கு அவளும் பக்கத்தில் போய்ப் படுத்தாள்.

“என்ன, உடம்பு சரியில்லையா?”

“இல்ல. மேசையப் பாக்கிறேன்.”

“மேசைக்கு என்ன?”

“இங்கேருந்து பாத்தா மாடி வீடு மாதிரி இருக்கு.”

அவர் தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “நல்லாத் தூங்கு. எல்லாம் சரியாயிடும்.”

கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் உலகமே தன் கோடுகளை வைத்துக்கொண்டு நிற்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து போய் வரைந்தாள். அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துக் கருகியது. மூவரும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

முதல் பாதியை முடித்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள், ஏனென்றால் அடுத்த பாதி கைக்கு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் ஊசி, “இன்னும் கொஞ்சம்தான்கா, முடிச்சுத் தர்றேன்” என்றாள். பிறகு பையை மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்றாள். ஒத்தக்கோடு வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. கடைசியில் பாதி கைமாறிய மறுநாளே தாடி டெஸ்ட் வைத்துவிட்டார். பேருந்தில் நின்றபடி புரட்டியதில் அவளுக்கு ஏறியது, ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டும் என்ற ஒன்றுதான்.

டெஸ்டில் கொடுத்த காட்சி இது: வீடு நிறைய விருந்தாளிகள். நடுவில் ஒரு பெண்ணுக்குப் போனில் கெட்ட செய்தி வருகிறது. ஒரே படத்தில் அதைக் காட்ட வேண்டும்.

ஒத்தக்கோடு மத்தியானம் வரை வரைந்தாள். தரை ஓடு ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய புள்ளியில் போய்ச் சேர்ந்தது. ஜன்னல் கம்பி, நாற்காலிக் கால், சுவர் மூலை, ஒன்றும் பிசகவில்லை. தாடி படத்தைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இத வெச்சு ஒரு கொத்தனார் வீடே கட்டிடலாம்மா. ஆனா நான் யாரைப் பாக்கணும்?”

அவள் விரலால் காட்டினாள். போன் பிடித்த பெண் நாற்காலிகளுக்கு நடுவே இன்னொரு நாற்காலி மாதிரி நின்றிருந்தாள்.

ஊசியின் படத்தில் முன்னால் ஒரு தடித்த விருந்தாளியின் தோள், கறுப்பாக, பாதித் தாளை அடைத்துக்கொண்டு இருந்தது. அந்தத் தோளுக்கும் கதவுக்கும் நடுவே கிடைத்த சின்ன வெளிச்சத்தில் அந்தப் பெண். பார்த்ததும் கண் நேராக அவளிடம்தான் போய் நின்றது. ஆனால் தரை சறுக்குமரம் போலச் சாய்ந்திருந்தது.

“போன் பேசி முடிக்கிறதுக்குள்ள இந்தப் பொண்ணு வழுக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போயிடுவா” என்று தாடி சிரித்தார். சிரித்துவிட்டு ஊசியையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

க்ளீன்-அப் பிரிவை மூடினார்கள். ஒத்தக்கோடு வீட்டுப் பக்கத்தில் ஒரு அச்சகத்தில் விளம்பர நோட்டீஸ் அமைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லோருக்கும் எல்லா எழுத்தும் பெரிசாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசி வீட்டுக்கு வந்தாள். கையில் உருட்டிய தாள்கள்.

“அக்கா, இந்தப் படிக்கட்டு மட்டும். ஒரு நிமிஷம்.”

ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு ஒரு தெரு. அதற்கடுத்து ஒரு ரயில் நிலையம். வர வர ஊசி, பழம் வாங்கி வருவதையும் விட்டுவிட்டு நேராகத் தாளை விரிக்க ஆரம்பித்தாள்.

“வேலை அவளுக்கு, முதுகுவலி உனக்கு. நல்ல பங்கு” என்றார் கணவர்.

அடுத்த ஞாயிறு ஒத்தக்கோடு பென்சிலை எடுக்கவில்லை.

“முதல் பாதி உன்கிட்டதானே இருக்கு? படிச்சுப் போட்டுக்கோ.”

“படிச்சேன்கா. மண்டையில ஏறல. பெட்டியப் பாத்தாலே தூக்கம் வருது.”

“எனக்கு மட்டும் வராம இருந்துச்சா?”

ஊசி தாளைச் சுருட்டினாள், பிரித்தாள். ஒத்தக்கோடு இத்தனை மாதமாய் வாயில் வைத்திருந்ததைக் கேட்டாள். “அன்னிக்கு அடுத்த பாதிய வேணும்னேதான் குடுக்காம இருந்தியா?”

ஊசி தாளை மடியில் வைத்தாள். “வேணும்னு இல்ல. தர மனசு வரல. இருக்கிறது ஒரு வேலை. எனக்கும் வீடு இருக்குல்லக்கா.”

சண்டை போடலாம் என்றுதான் ஒத்தக்கோடு நினைத்தாள். வாய் வரை வந்தது. ஆனால் கத்திவிட்டு மறுநாள் அச்சகத்துக்குப் போய் நிற்பதை நினைத்தபோதே களைப்பாக இருந்தது. தன்னிடம் அடுத்த பாதி இருந்து, ஊசி வந்து கேட்டிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்றும் தோன்றியது.

“இனிமே இங்க கொண்டு வராத. தாடிகிட்ட போய் இதெல்லாம் யார் போட்டதுன்னு சொல்லு. சொல்லலேன்னாலும் பரவாயில்ல. நான் போடமாட்டேன்.”

ஊசி போய்விட்டாள். செருப்பை மாட்டும்போது அழுதாளா, மூக்கடைப்பா என்று தெரியவில்லை.

சொல்லமாட்டாள் என்றுதான் இவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் சொல்லியிருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் தாடியே போன் செய்தார்.

“புதுசா ஒரு தொடர் வந்திருக்கும்மா. கதை முழுக்க ஒரு அடுக்குமாடிக் கட்டடம். படியேறுறது, படியிறங்குறது, லிஃப்ட்டு, வராண்டா. ஊசியால ஆகாது, என்னாலயும் ஆகாது. காசு சீன் கணக்குலதான் தர முடியும். வர்றியா?”

வேலை நிரந்தரமா என்று கேட்டாள். இல்லை என்றார். சரி, வருகிறேன் என்றாள்.

இப்போது இருவருக்கும் மறுபடியும் அடுத்தடுத்த நாற்காலி. கட்டடத்தை ஒத்தக்கோடு நிறுத்துகிறாள். அதில் ஆட்களை எங்கே வைப்பது என்று ஊசி காட்டுகிறாள். பேசுகிறார்கள், ஆனால் வேலைக்கு வேண்டிய அளவுதான். பழைய வம்பெல்லாம் இல்லை. காம்போசிஷன் பாதியை ஒத்தக்கோடு சாப்பாட்டு நேரத்தில் இன்னமும் படிக்கிறாள். சில நாள் ஒரு பக்கம் நகரும், சில நாள் கண் சொருகும்.

சமீபத்தில் தாடி ஒரு காட்சியை முழுசாக அவளிடமே விட்டார். வேலையிலிருந்து திரும்பும் ஒருவன் மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறான், மேலே ஏற மனமில்லாமல். கேமராவைக் கீழே, முதல் படியோரம் வைத்தாள். படிகள் எல்லாம் அவனுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தன. அவனைச் சின்னதாக வரைந்து, சுற்றிலும் எதையும் போடாமல் விட்டாள். கை துறுதுறுத்தது, ஒரு ஜன்னலாவது வரையலாமே என்று. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

ஊசி எட்டிப் பார்த்தாள். “நான் ஒண்ணும் தொட வேண்டியதில்ல” என்றாள். தாடி கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினார்.

அது ஒளிபரப்பானபோது வீட்டில் மூவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். “இதோ வருது” என்றாள். கணவர் தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் குனிந்தார். நிமிர்வதற்குள் படியில் நின்ற ஆள் மேலே ஏறி வீட்டுக்குள் போயிருந்தான்.

“எது? எதும்மா?” என்றாள் மகள்.

“போயிடுச்சு” என்றாள் அவள்.