சிறுநீர்ப்பைக்கு மணி பார்க்கத் தெரியாது

இன்று காலையிலிருந்து எத்தனை முறை ஒன்றுக்குப் போனீர்கள்? அதற்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள்?

முகத்தைச் சுளிக்காதீர்கள். இரண்டாவது கேள்வியே உங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். மூணாம் நம்பரிடம் கேட்டிருந்தால் இரண்டுக்கும் பதில் கைவசம் வைத்திருப்பாள். ஒரே முறை. மணிக்கூண்டிடம்.

மூணாம் நம்பர் என்பது ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் கவுண்டரின் எண். ஒன்பது வருடம் ஒருத்தி அதே இடத்தில் நின்றால் எண் அவள்மேல் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? உடன் வேலை செய்பவர்கள் ‘மூணுக்கா’ என்றார்கள். வீட்டில் அவள் கணவர்கூட, கோபம் வந்தால், ‘மூணாம் நம்பர் மேடம்’ என்பார். மணிக்கூண்டு அந்தக் கடையின் சூப்பர்வைசர். ஆறடி உயரம், குச்சி உடம்பு, உச்சியில் ஓயாமல் மணி அறிவிக்கும் வாய். ‘ரெண்டு நாப்பது ஆச்சு, சாப்பிட்டது போதும், தட்டைக் காலி பண்ணுங்க.’ ‘மூணு ஆச்சு, ரஷ் ஹவர், யாரும் நகரக் கூடாது.’

பதினான்கு ஊழியர்களுக்கு ஒரு கழிவறை. அதற்கு ஒரு சாவி. தொலைந்துவிடக் கூடாது என்று அந்தச் சாவியை ஒரு முழ நீள மரக்கட்டையில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வேண்டியவர் மணிக்கூண்டிடம் கேட்டு வாங்கி, கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, சோப்பு வரிசை, பிஸ்கட் வரிசை எல்லாம் தாண்டி, வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க நடக்க வேண்டும். ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் செங்கோல். மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை கடையில் கூட்டம் நெரியும். அந்த நான்கு மணி நேரமும் செங்கோல் மணிக்கூண்டின் மேசை டிராயருக்குள் பூட்டிக் கிடக்கும். அனுமதி இல்லாமல் கவுண்டரை விட்டு நகர்ந்தால் குறிப்பேட்டில் பெயர் ஏறும். மூன்று முறை ஏறினால் வேலை போய்விடும். நம்மவள் பெயர் ஏற்கெனவே இரண்டு முறை ஏறியிருந்தது.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை ஒரு டம்ளரோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? கணக்கு சரிதான். உடம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. அடிவயிற்றில் எரிச்சல், குளிர் நடுக்கம், காய்ச்சல். ஒரே வருடத்தில் மூன்றாவது முறை போனபோது கிளினிக் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

“மாத்திரை தர்றேன், போகும். திரும்ப வரும். கிருமி மேல ஏறிக் கிட்னிக்குப் போச்சுன்னா ஆஸ்பத்திரியில படுக்கணும். தண்ணி குடிங்க. வந்தா அடக்காதீங்க. இதைவிட மலிவான வைத்தியம் என்கிட்ட இல்லம்மா.”

மலிவான வைத்தியம்தான். அவளுக்குத்தான் எட்டாத உயரத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியம்மா பத்து நாள் நலவாழ்வு முகாம் ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பினார். போனது ஒரு ஆள், வந்தது வேறு ஆள். குரல் தணிந்திருந்தது, பேச்சில் ‘சமநிலை’ என்ற சொல் நிமிடத்துக்கு இருமுறை வந்தது. மனிதர் கெட்டவர் இல்லை. தனக்குக் கிடைத்த நல்லதை ஊழியர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். கடையில் நலவாழ்வு வாரம் அறிவிக்கப்பட்டது. சம்பளம் உயர்த்துவது, நாற்காலி போடுவது போன்ற பழைய முறைகளை விட்டுவிட்டு, நேராக வாத பித்த கபத்தில் இறங்கிவிட்டார்கள்.

ஆயுர்வேதம் படித்த ஒரு இளம் டாக்டர் வந்து எல்லோருக்கும் நாடி பார்ப்பார் என்றார்கள். வாதத்துக்கு நீல வில்லை, பித்தத்துக்குச் சிவப்பு, கபத்துக்குப் பச்சை. சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். ஊழியர் அறை என்ற பெயரில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை கிடக்கும் இடம் உண்டு. அங்கே சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் ஒட்டினார்கள். சீன மருத்துவத்தின் உறுப்புக் கடிகாரம். ஒரு நாளைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஓர் உறுப்பு வரைந்திருந்தது. இந்த இரண்டு மணி நேரம் இரைப்பைக்கு, இது இதயத்துக்கு, இது கல்லீரலுக்கு என்று. தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஆளுக்கொரு கோப்பை மூலிகைத் தேநீர், உடம்பைச் சுத்தப்படுத்த.

அஞ்சாம் நம்பர் பச்சை வில்லையோடு வந்தாள். “எனக்குக் கபமாம்க்கா. மந்தமா இருப்பேனாம். பத்து மணி நேரம் நிக்க வச்சா குதிரைகூட மந்தமாத்தான் இருக்கும்.”

மூணுக்காவின் முறை வந்தது. டாக்டர் பெண் அவள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்.

“தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?”

“காலையில ஒரு டம்ளர்.”

“அப்புறம்?”

“அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான்.”

காரணம் கேட்டாள். செங்கோல், டிராயர், குறிப்பேடு எல்லாம் வெளியே வந்தன. டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

“எங்க படிப்புல ஆரம்பத்துலயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. தானா வர்ற வேகத்தை அடக்கக் கூடாது. பதிமூணு சொல்லியிருக்கு. சிறுநீர், மலம், காத்து, வாந்தி, தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், அழுகை, தூக்கம், மேல்மூச்சு.”

விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்த மூணுக்கா, “பன்னெண்டுதான் ஆச்சு டாக்டர்” என்றாள். ஒன்பது வருடம் பில் போட்டவள் எண்ணிக்கையில் ஏமாற மாட்டாள்.

“இன்னொன்னு புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்.”

“அதை அடக்கவே வேணாம். வீட்டுக்குப் போறதுக்குள்ள அதுவே அடங்கிடுது.” கொஞ்சம் யோசித்தாள். “மேல்மூச்சு ஒன்னைத் தவிர மத்த எல்லாத்தையும் கவுண்டர்ல அடக்கறேன். கொட்டாவி விட்டா முகத்துல சிரிப்பு இல்லைன்னு சொல்வாங்க. போன மாசம் ஒருத்தர் திட்டினப்ப அழுகையைக்கூட பில் முடியற வரைக்கும் நிறுத்தி வச்சேன்.”

டாக்டர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். “கிளினிக்ல கொடுத்த மாத்திரையை விட்டுடாதீங்க. இதுக்கு நான் கஷாயம் தர மாட்டேன். உங்களுக்கு வேண்டியது அந்தச் சாவி.”

பழைய வைத்தியர்கள் சொன்னதில் எத்தனையோ இன்று சோதனைக்கு நிற்காது. இது நிற்கும். இதைக் கண்டுபிடிக்க நாடியும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். மனித உடம்பு ஒன்று சொந்தமாக இருந்தால் போதும். ஆனால் அவர்கள் சொன்னதைக் கவனியுங்கள். ‘அடக்காதே’ என்று நோயாளியிடம் சொன்னார்கள். அடக்க வைக்கிறவனிடம் ஒரு வரியும் சொல்லவில்லை. எழு, நட, நிதானமாக உண், உரிய நேரத்தில் உறங்கு என்னும் நலவாழ்வுப் பேச்சு முழுவதும், தன் நேரம் தன் கையில் இருப்பவனுக்காகவே எழுதப்பட்டது. நேரத்தை விற்றுவிட்டவள் எதைக் கொண்டு நிதானமாக உண்பாள்?

தேநீரின் பலன் அன்றைக்கே தெரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, சுத்தப்படுத்தும் வேலையில் அது புலி. இரண்டு மணிக்குக் குடித்தார்கள். மூன்று மணிக்குச் செங்கோல் டிராயருக்குள் போனது. மூன்றேகாலுக்குப் பதிமூன்று பேர் கால் மாற்றிக் கால் நின்றார்கள். அஞ்சாம் நம்பர் ஒரு பாக்கெட் உப்புக்கு மூன்று முறை பில் போட்டாள். மூணுக்கா தன் தேநீரை ஊழியர் அறைத் தொட்டிச் செடிக்கு ஊற்றியிருந்தாள். அதற்குப் போன அந்த நேரத்தில்தான் சுவரிலிருந்த கடிகாரத்தை நன்றாகப் படித்துப் பார்த்தாள். அந்தக் கடையில் அதை முழுக்கப் படித்த முதல் ஆள் அவள்தான். ஒட்டச் சொன்னவரும் படித்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா கருத்துக் கேட்க வந்தார். கடை திறப்பதற்கு முன் ஊழியர் அறையில் எல்லோரும் நின்றார்கள். டாக்டர் ஒரு பக்கம், மணிக்கூண்டு ஒரு பக்கம்.

“வெட்கப்படாம சொல்லுங்க. வாரம் எப்படி இருந்துது?”

மூணுக்கா கடிகாரத்தின் அருகே போய் நின்றாள். “ஒரு சந்தேகம் மேடம். மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் எந்த உறுப்போட நேரம்னு போட்டிருக்கு?”

முதலாளியம்மா குனிந்து பார்த்தார். “சிறுநீர்ப்பை.”

“அஞ்சுலேருந்து ஏழு?”

“சிறுநீரகம்.”

“அந்த நாலு மணி நேரமும்தான் கக்கூஸ் சாவி சார் டிராயர்ல இருக்கு.”

யாரோ இருமினார்கள். அந்த இருமல் சிரிப்பாக மாறி, அறை முழுக்கப் பரவியது. முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. “அதை அப்படி நேரடியா எடுத்துக்கக் கூடாதும்மா. இது ஆற்றல் ஓட்டம் சம்பந்தப்பட்டது.”

“ஓடத்தான் விட மாட்டேங்கிறாங்க மேடம்.”

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். “அடக்கக் கூடாதுன்னு எங்க முறையிலயும் இருக்கு மேடம். எந்த முறையில கேட்டாலும் அதையேதான் சொல்வாங்க.”

தன் காசில் தானே வாங்கி ஒட்டிய படத்தை எப்படி மறுப்பது? சாவியை டிராயரில் பூட்டக் கூடாது என்று அங்கேயே உத்தரவு வந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு மூணுக்கா செங்கோலை ஏந்திப் பிஸ்கட் வரிசை வழியாக நடந்தபோது அரசிகூட அப்படி நடந்திருக்க மாட்டாள். வீட்டுக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுக் கதையைச் சொன்னாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதிலும் ஸ்க்ரூ எங்கே தளர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

“நல்லாத்தான் மடக்கியிருக்கே. ஆனா ஒன்னு கேக்கறேன். சிறுநீர்ப்பைக்கு மணி பார்க்கத் தெரியுமா?”

“தெரியாது. மணிக்கூண்டுக்குத் தெரியுமே.”

“அதான் பயமா இருக்கு.”

திங்கட்கிழமை காலை அந்தப் பயம் காகிதத்தில் அச்சாகி, கழிவறைக் கதவில் ஒட்டியிருந்தது. ‘உடல்நலம் கருதி, சிறுநீர்ப்பை நேரம் பிற்பகல் 3 முதல் 5 வரை. சாவி அந்த நேரத்தில் மட்டும் வழங்கப்படும்.’

மணிக்கூண்டு வெற்றிப் புன்னகையுடன் நின்றிருந்தார். “நீதானம்மா படிச்சுக் காட்டினே? காலையில அது இரைப்பை, மண்ணீரல் நேரம். அதுங்களுக்கு வழிவிடு.”

அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இரவல் கடிகாரத்தைக் காட்டி உரிமை கேட்டால், கடிகாரம் காட்டும் அளவுக்குத்தான் உரிமை கிடைக்கும். நேராகக் கேட்க வேண்டியதைச் சீனத்தைச் சுற்றி, ஆயுர்வேதத்தைச் சுற்றி ஏன் கேட்டோம்? உடம்பு என்னுடையது என்று சொன்னால் போதாதா?

அன்று அவள் காலையில் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள். பதினொன்று பத்துக்கு வந்தது. வரிசையில் ஆறு பேர். கையிலிருந்த பில்லை முடித்தாள். ‘கவுண்டர் மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையைத் தூக்கி வைத்தாள். நேராக மணிக்கூண்டின் மேசைக்குப் போனாள்.

“சாவி சார்.”

“மணி என்ன? பதினொன்னு பத்து. இது எந்த உறுப்பு நேரம்னு தெரியுமா?”

“வாதமும் இல்ல, பித்தமும் இல்ல சார். வருது.”

“வரிசையில ஆறு பேர் நிக்கிறாங்க. பேர் ஏத்தினா இது மூணாவது தடவை.” குறிப்பேட்டைத் திறந்து பேனா மூடியையும் கழற்றினார். “ஒருத்தர் புகார் சொன்னாலும் முடிஞ்சுது.”

ஒன்பது வருடம் அந்தப் பேனா முனையில் நின்றது. திரும்பி வரிசையைப் பார்த்தாள். மணிக்கூண்டும் பார்த்தார். யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டும் என்று காத்திருந்தார்.

வரிசையில் இரண்டாவதாக, இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் வாயைத் திறந்தாள். “எங்களுக்கு ஒன்னும் அவசரம் இல்ல. போயிட்டு வரட்டும்.” அவள் பின்னால் நின்ற பெரியவர், “எனக்கே அடிக்கடி போகணும். சாவியைக் கொடு தம்பி” என்றார். முன்னால் நின்றவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனில் ஆழ்ந்தார். அதுவும் சம்மதம்தான்.

பேனா மூடிக்குள் போனது. சாவி வெளியே வந்தது. மூணுக்கா நடந்தாள், இரண்டே நிமிடத்தில் திரும்பினாள், பலகையை இறக்கினாள். பதினொன்று இருபதுக்கு அஞ்சாம் நம்பரில் அதே பலகை ஏறியது. பதினொன்றரைக்கு ஏழில். அந்த வார முடிவில் சாவி மரக்கட்டையிலிருந்து பிடுங்கப்பட்டுக் கதவிலேயே தொங்கியது. அறிவிப்பைக் கிழித்தது யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. செங்கோல் இப்போது ஊழியர் அறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. உறுப்புக் கடிகாரம் சுவரில் அப்படியே இருக்கிறது, தொட்டிச் செடிக்குப் பின்னால். செடி செழிப்பாக வளர்ந்திருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லை.

அந்தப் பேனாவை மூட வைத்தது எந்த மருத்துவமும் இல்லை. வரிசையில் நின்றவர்கள். அதாவது நீங்கள். அடுத்த முறை உங்கள் முறை வரும் நேரத்தில் எதிரே அந்தப் பலகை ஏறினால், ‘ச்சு’ கொட்டாதீர்கள். மேலாளரைத் தேடாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் சூப்பர்வைசருக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்: “போயிட்டு வரட்டும், நாங்க நிக்கிறோம்.”