ட்ரெபிள் குமிழும் சாக்பீஸ் கோடும்

என் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் என்னைவிட மூத்தது. உள்ளே எல்லாம் கண்ணாடி வால்வு. சுவிட்சைப் போட்டதும் பேசாது, சூடேறி முடித்துத்தான் வாயைத் திறக்கும். பகலெல்லாம் தி.நகர் கடையில் துணி கிழித்துவிட்டு, சாயங்காலமானால் அதையும் ஒரு பழைய ஜப்பான் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடுகிறவன் நான். எங்கள் மெல்லிசைக் குழுவில் பாடகர்கள் வருவார்கள், போவார்கள். லீட் கிட்டார் நான், பேஸ் கிட்டார் என் மனைவியின் தம்பி. இது மட்டும் மாறியதில்லை.

மெல்லிசையில் சோலோ வாசிப்பவனின் சொந்தச் சரக்குக்கு இடமில்லை. அசல் ஒலிப்பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரவேண்டும். தந்தியை வளைத்து மேல் சுரத்தைத் தொடும் இடத்தில் ஒரு மயிரிழை குறைந்தாலும் முன்வரிசையில் உதட்டைப் பிதுக்குவார்கள். அதனால் சரியான தொனி அமைந்ததும் ஆம்ப் குமிழ்களின் பக்கத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பேன். எல்லாம் கடைப்புத்திதான்.

இந்த வருடம், ஒலியின் கூர்மையைக் கூட்டும் ட்ரெபிள் குமிழின் கோடு மேலே மேலே நகர்ந்துகொண்டே போனது. கம்பளியைப் போர்த்திய மாதிரி கிட்டார் மந்தமாகக் கேட்டது. தந்தி மாற்றினேன். வால்வு மாற்றினேன். கடற்கரைக் காற்றைத் திட்டினேன், சவுண்டுக்காரரோடு சண்டை பிடித்தேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்தக் கதை.

ஒருநாள் அடுப்படியில் நின்று, "கடுகு இன்னும் வெடிக்கலியே" என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எப்பவோ வெடிச்சாச்சுங்க. கருகுது."

சிரித்து மழுப்பிவிட்டேன்.

பிறகு மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழாவில் வாசித்தோம். முதல் சோலோவில் மேலே ஏறி, தந்தியை முழுசாக வளைத்து அப்படியே நிறுத்தினேன். முன்வரிசையில் பூவும் மெழுகுவர்த்தியுமாக உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் பொத்தினார். பிறகு அந்த வரிசையே பொத்தியது. நான் வழக்கம்போல சவுண்டுக்காரரை முறைத்தேன்.

பாட்டு முடிந்ததும் மச்சான் பேஸைத் தோளில் தொங்கவிட்டபடியே கிட்டே வந்தான்.

"மாமா, கோச்சுக்காத. உன் கிட்டாரு ஊசி மாரி குத்துது. ரொம்ப நாளா இப்டித்தான் கீது. எல்லாம் என்னாண்ட சொல்லிக்கினு கீறாங்க. உன் கோவத்துக்கு உன்னாண்ட யாரு சொல்றது?"

"எனக்கு மந்தமாத்தானடா கேக்குது."

அவன் என் காதைப் பார்த்தான்.

டிரம்ஸ் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று ஆம்பைக் காதுக்கு நேரே தூக்கிவைத்து வாசித்தே வளர்ந்தவன் நான். கோளாறு வால்வில் இல்லை, என் காதில்தான். இந்தக் காது போனால் நான் வெறும் துணிக்கடைக்காரன். ஊருக்கு அதில் நஷ்டமில்லை, எனக்கு வேறு எதுவும் மிஞ்சாது.

"நான் கொறைக்கட்டா?" என்றான். தலையாட்டினேன். கோடுகளையெல்லாம் தாண்டிக் குமிழைப் பின்னுக்குத் திருப்பி, முதல் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அடுத்த பாட்டின் சோலோவுக்காகத்தான் எங்களைக் கூப்பிடுவதே. வாசிக்க ஆரம்பித்ததும் என் காதுக்குக் கிட்டார் டிரம்ஸ் சத்தத்துக்கு அடியில் போய்விட்டது. வளைத்த தந்தியை எங்கே நிறுத்துவது என்று எப்போதும் காதுதான் சொல்லும். அன்று அது சொல்லவில்லை. விரல் எத்தனை பலம் கொடுத்துப் பழகியதோ அத்தனை கொடுத்தேன். இவ்வளவு பயந்து நான் வாசித்ததே இல்லை.

கைதட்டல் அடங்க நேரமானது. காதைப் பொத்திய அந்த அம்மாள் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"இப்பதான் தம்பி, கேக்க அவ்ளோ இதமா இருந்துச்சு."

"ஆமாங்க" என்றேன். அந்த இதத்தை அங்கே கேட்காதவன் நான் ஒருவன்தான்.