சிப்பாயின் கழுத்துத் தகடு

என் தையல் பெட்டியில் பொத்தான்களுக்கும் நூற்கட்டைகளுக்கும் நடுவே ஒரு தகரத் தகடு கிடக்கிறது. வட்டமாக, ஐம்பது சதக் காசை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும். மேலே ஒரு துளை. அதில் கோத்த கயிறு ஒரு காலத்தில் சிவப்பு. இப்போது அதற்கு என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. நடுவில் 41 என்று எண் குத்தியிருக்கும். பொத்தான் தேட வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, இது ஃபெக்டரி டோக்கனா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லப் போனால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். ஆத்திரம் வந்தால் நான் என்ன பேசுவேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அது ஒரு நாயின் கழுத்துத் தகடு. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வெறிநாய்ப் பயம் என்று சொல்லி, ஆட்கள் குடியிருக்கிற லயத்து வரிசைகளின் நாய்களுக்கெல்லாம் தோட்டத்து ஆபீஸில் எண் போட்ட தகடு கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் நாய் சுடுகிற நாள். முதல் நாள் மாலையில் லயம் லயமாகத் தப்படித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் காவல்காரர் துவக்கோடு வருவார். கழுத்தில் தகடு இருந்தால் நாய் பிழைத்தது. இல்லாவிட்டால் அது யார் வீட்டு நாய், எத்தனை வருஷம் வளர்ந்த நாய் என்ற கேள்வியே கிடையாது. நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது. எங்கள் லயத்தில் ஒருவரிடமும் இந்த நாட்டுப் பிரஜை என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நாய்களுக்கு மட்டும் எண் இருந்தது. அந்த நாளில் யாரும் இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட இல்லை.

நான் என் அத்தையோடு, அப்பாவின் அக்காவோடு, லயத்தில் ஒரே அறைக் காம்பராவில் இருந்தேன். அம்மா அப்பா இல்லாத என்னை வளர்த்தவள் அவள்தான். அத்தைக்குப் பிள்ளை கிடையாது, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தது நானும் சிப்பாயும்தான். கண் திறக்காத குட்டியாக அவனை அவள் மலையிலிருந்து கொழுந்துக் கூடைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும், விடிகாலையில் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்களத்துக்கு அவளோடு போய், அவள் பக்கத்தில் வரிசையில் உட்கார்ந்துகொள்வான். பெயர் கூப்பிட்டு முடியும் வரை அசைய மாட்டான். "இந்தச் சிப்பாய்க்கும் ஒரு பேரு போடுங்கய்யா, சும்மா நிக்கிறவனுகள விட இவன் தேவல" என்று கங்காணி ஒருநாள் சொல்ல, அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. பெயர்தான் சிப்பாய். பூனை சீறினால் அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒளிகிற வீரன்.

பதினாலு வருஷம் இருந்தான். கடைசி வருஷ மழைக்காலத்தில் கண் இரண்டிலும் பால் படிந்துவிட்டது. பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. நான் எத்தனை முறை கழுவினாலும் ஈ மொய்த்தது, ஒருநாள் புழுவும் கண்டேன். எனக்கு வேலை பிள்ளைக் காம்பராவில். தாய்மார் மலைக்குப் போனால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவைத்தான் அதற்கு ஒதுக்கியிருந்தார்கள். அதனால் பகல் முழுக்க அவன் முனகுவது எனக்குக் கேட்கும். ஒரு கையில் யாருடைய பிள்ளையோ, மறு கையில் வேப்பெண்ணெய்த் துணி, இப்படித்தான் அந்த மழைக்காலம் போனது. தண்ணீர் காட்டினால் நக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

ஆனால் சாயங்காலம் நாலரை மணிக்கு அத்தையின் காலடி படிக்கட்டில் கேட்க வேண்டும், அந்தப் பாவி தலையைத் தூக்கிவிடுவான். வாலைச் சாக்கில் தட்டுவான். அத்தை அள்ளி ஊட்டினால் சோறு இரண்டு வாய் இறங்கும். அவள் என்னைப் பார்த்து, "பாருடி, இன்னிக்கித் தெளிவா இருக்கான்" என்பாள். எனக்கு உச்சந்தலையில் தீப்பிடிக்கும். நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தவன் அவளுக்காக ஐந்து நிமிஷம் உயிரை இழுத்துப் பிடித்துக் காட்டுகிறான், அதை நம்பிக்கொண்டு இவள் அவனை இன்னொரு பகலுக்குள் தள்ளுகிறாள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "ஒனக்கு அவன் மேல பாசமா, இல்ல ஒன் மேலேயே பாசமா அத்தை? பகல்ல அவன் படுற பாட்ட நீ பாத்திருக்கியா? அனுப்பி வச்சிரு." அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே, "எப்ப அனுப்பணும்னு எனக்குத் தெரியும். நீ ஒன் வேலயப் பாரு" என்றாள். நான் சும்மா இருந்தேனா? "ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நாத்தம் பிடிச்ச பொணத்த வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்க" என்றேன். அத்தை ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. சோறு ஆக்கி வைப்பாள், நான் போட்டுச் சாப்பிடுவேன். ஒரே காம்பராவுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்வது எப்படி என்று எங்களிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதன்கிழமை மாலை தப்படித்தார்கள். வியாழன் காலை, இருட்டுப் பிரியும் முன்னே, அத்தை சிப்பாயைச் சாக்கோடு தூக்கி இஸ்தோப்பில், காம்பரா வாசலில் வெயில் விழுகிற பக்கம் கிடத்தினாள். தகடு தொங்குகிற சிவப்புக் கயிற்றைக் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள். குனிந்து அவன் காதில் என்னவோ சொன்னாள். பிறகு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.

எட்டு மணி இருக்கும். அவன் முனகவில்லை, கத்தினான். புண்ணில் மறுபடியும் புழு. கழுவப் போன என் கை அந்தக் கயிற்றில் போய் நின்றது. யாரும் என்னைத் தூண்டவில்லை. முடிச்சை அவிழ்த்தேன். தகட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போய்விட்டேன். சரியாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அத்தை மேல் இருந்த கோபமும் அந்த முடிச்சை அவிழ்த்தது.

காவல்காரர் பத்து மணிக்கு வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது ஒங்க அத்தை வளக்கிற சிப்பாய்தானே? தகடு எங்க?"

"இல்ல."

"காலம்பற எங்கயாச்சும் விழுந்திருக்கும். தேடி வைம்மா. நான் மேல் லயத்துக்குப் போயிட்டு வாறேன்."

அந்த மனுஷன் எனக்கு ஒரு வழி விட்டார். இடுப்பில் தகடு குத்திக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "தேட ஒண்ணுமில்லண்ணே. ஒங்க வேலயப் பாருங்க."

ஒரே வெடியில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். துவக்குப் பிடித்தால் குறி தப்பாது என்று நமக்கு ஒரு நினைப்பு. வெடி கேட்டதும் அத்தனை குழந்தைகளும் ஒரேயடியாக வீரிட்டன. வெளியே ஓடிவந்து பார்த்தால், மூன்று வாரமாக எழுந்து நிற்காதவன் போய்க்கொண்டிருக்கிறான். முன்னங்கால்களால் உடம்பை இழுத்து இழுத்துப் படிகளில் உருண்டு போகிறான். கண் தெரியாதவனுக்கு அந்தப் பாதை மட்டும் தெரிந்திருக்கிறது. பெரட்டுக்களத்துக்குப் போனான். அத்தை தினமும் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தான். காவல்காரர் பின்னாலேயே ஓடினார். இரண்டாவது வெடி அங்கேதான்.

மலையில் இரண்டு வெடியும் கேட்டிருக்கிறது. அத்தை யாரிடமும் கேட்காமல் இறங்கி வந்துவிட்டாள். களத்தில் அவனைப் பார்த்தாள், கழுத்தைத் தடவினாள். கூடையில் இருந்த கொழுந்தைத் தரையில் கொட்டிவிட்டு, அவன் வந்த மாதிரியே அவனைக் கூடைக்குள் வைத்துத் தூக்கினாள். லயத்துக்குப் பின்னால் எங்கள் மரக்கறிப் பாத்திக்கு வந்ததும் நான் மம்பட்டியோடு போனேன்.

"மம்பட்டிய வச்சிட்டுத் தள்ளி நில்லு. அவனத் தொடாத."

குழி தோண்டி, மூடி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினாள். நான் இடுப்பிலிருந்து தகட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமைக்கு டிஸ்பென்சர் ஐயாகிட்டச் சொல்லி வச்சிருந்தேன்டி" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். "மயக்க மருந்து கொண்டாந்து போடுறேன்னு சொன்னாரு. வலிக்காதுன்னாரு. கொழுந்து கொட்டுற மாசம்னு ரெண்டு ஞாயிறு லீவு தரல்ல அந்தக் கண்டாக்கு. கால்ல விழாத கொறையா கேட்டு இந்த ஞாயித்துக்கு வாங்கினேன். மடியில போட்டுக்கிட்டு அனுப்பலாம்னு இருந்தேன். மூணு நாளு. மூணு நாளு பொறுக்கலையாடி ஒனக்கு?"

"எனக்கு ஏன் சொல்லல்ல நீ?" என்று அலறினேன்.

"நீ கேட்டியா?"

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு மேல் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தை தகட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். நான் கல்யாணமாகித் தலவாக்கலைக்குப் புறப்பட்ட அன்று, தாலிக்கயிற்று மஞ்சள் காயும் முன்னே, அதைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

யார் மேல் கோபம் என்று எத்தனையோ வருஷம் பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டேன். நாயைச் சாக விடுவதற்கு ஒரு மனுஷி லீவு கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்ததே, அந்தக் கண்டாக்கு மேல் கோபம். எங்கள் வாசலில் எது வாழலாம், எது சாகலாம் என்று ஆபீஸில் உட்கார்ந்து எழுதிய துரை மேல் கோபம். வாயைத் திறக்காத அத்தை மேல் கோபம். நீ ஒழுங்காய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே என்று என் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவன் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நான் நினைத்ததில் தப்பில்லை. அத்தையும் அதையேதான் நினைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே முடிவை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் ரோசி என்றொரு நாய் இருக்கிறாள். பதின்மூன்று வயசு, ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கால் வலியில் எனக்குக் குனிய முடியாது, அள்ளுவதும் துடைப்பதும் மருமகள்தான். நான் பக்கத்தில் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் ரோசி வாலை ஆட்டுகிறாள். "டாக்டர வரச் சொல்லவா?" என்று மருமகள் போன வாரம் கேட்டாள். "அவதான் நல்லா இருக்காளே, ஒனக்கு என்ன அவசரம்?" என்று எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

நேற்று பொத்தான் ஒன்று தைக்கப் பெட்டியைத் திறந்தேன். தகடு கையில் வந்தது. தடியை ஊன்றிக் குசினிக்குப் போனேன்.

"பகல் முழுக்க அவளப் பாக்கிறது நீதான். நீயே சொல்லு, எப்ப?"

கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு மருமகள் என்னைப் பார்த்தாள். அழுதுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை, அத்தை. அன்னிக்கி அவரும் வீட்டுல இருப்பாரு. நீங்க மடியில வச்சுக்கலாம்."

நேற்று வியாழக்கிழமை. சரி என்றேன்.