பதினேழின் கடைசிப் பொட்டலம்

நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அவரைப் பற்றி ஒரு வரி உண்டு: "கோதுமைத் துரு நோயை ஒழிக்கும் பணியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஈடுபட்டுவரும் முதுநிலை விஞ்ஞானி." இதை எழுதியவர் அவருடைய அறையை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அந்த இருபத்தெட்டு ஆண்டுகளும் அவர் துரு நோயை வளர்த்துக்கொண்டிருந்தார். வேளை தவறாமல், பெற்ற பிள்ளைக்கும் செய்யாத பணிவிடையோடு வளர்த்தார். பெற்ற பிள்ளையே இதைச் சொல்லிக் காட்டியதுண்டு.

துருவுக்கு உயிருள்ள இலை வேண்டும். செத்த இலையில் தங்காது, பாட்டிலில் அடைத்தால் பிழைக்காது. ஆகவே பதினைந்து நாளுக்கொரு முறை புது நாற்று வளர்த்து, பழைய இலையிலிருந்து செம்பழுப்புத் தூளைத் தட்டியெடுத்துப் புது இலையில் தூவ வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு அவர் அரை நாள்தான் தலைகாட்டினார்.

"என்னக்கா இப்படி ஓடறே? வீட்டுல யாருக்காவது முடியலையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. நோயும் நல்லா இருக்கு. அது செத்துடக் கூடாதேன்னுதான் ஓடறேன்."

நோய் கைவசம் இருந்தால்தானே, எந்தப் பயிர் அதைத் தாங்கும் என்று சோதிக்க முடியும்? சோதனைக்குப் பயிர் அனுப்பியவர் அவருடைய கணவர். அதே நிறுவனத்தில் புதுக் கோதுமை ரகங்களை உருவாக்குவது அவர் வேலை. அவர் உருவாக்குவார், இவர் கொல்லப் பார்ப்பார். மற்றபடி இணக்கமான தம்பதி.

துருத்தூள் உடையில் ஒட்டிக்கொண்டு பரவும். அதனால் கணவரின் வயலில் மனைவி கால் வைக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டை இவர் வேலிக்கு வெளியே நின்று நீட்டுவார். "அங்கேயே நில்லு, அங்கேயே நில்லு" என்றபடி கணவர் ஓடி வருவார். பார்த்தவர்கள் ஏதோ மனத்தாங்கல் என்று பல வருடம் நம்பினார்கள்.

தூள் தூவிய பதினான்காம் நாள் இலைக்கு மதிப்பெண். சைபர் என்றால் பயிர் ஜெயித்தது: பூஞ்சை இறங்கிய இடத்தைச் சுற்றி இலை தன் சதையையே கொஞ்சம் சாகடித்து, வந்ததைப் பட்டினி போட்டிருக்கும். நான்கு என்றால் இலை முழுக்கக் கொப்புளம் வெடித்துத் தூள் கொட்டும். பதினோரு வருடம் கணவர் அனுப்பியதற்கெல்லாம் இவர் மூன்றும் நான்குமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவையாவது கண்ணை மூடிக்கிட்டு ஒரு சைபர் போடேன்."

"கண்ணைத் திறந்து வச்சிருக்கறதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க."

"குழம்புல உப்பு கம்மின்னு சொன்னா மூணு நாள் பேச மாட்டே. என் பயிரை மட்டும் வாய்க்கு வந்தபடி சொல்லுவே."

பன்னிரண்டாம் வருடம் அவர் அனுப்பியதில் பதினேழாம் வரிசைக்கு சைபர் விழுந்தது. மூன்று முறை சோதித்தும் சைபர். கணவர் முக்காலியில் உட்கார்ந்து அந்த இலைகளைப் பார்த்தார். அந்த ரகம் விவசாயிகள் கைக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பு, ஒரு காலை, விதை எடைபோடும் அறையில் மாரடைப்பில் சரிந்தார். எழுந்திருக்கவில்லை. ரகத்துக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று வைத்தார்கள். விவசாயிகளுக்கு அது பதினேழுதான். பத்து வருடத்தில் கண்ணுக்கெட்டிய வயலெல்லாம் பதினேழு.

பதினோராம் வருடம் ஒரு விவசாயி பதினேழின் இலை ஒன்றை உறையில் போட்டு அனுப்பினார். இலையில் கொப்புளம். அதிலிருந்து தூள் எடுத்துத் தம் தொட்டிகளில் தூவினார் இவர். பதினான்காம் நாள் பதினேழுக்கு நான்கு.

தம் வேலையில் தப்பு இருக்க வேண்டும் என்று எந்த விஞ்ஞானியும் அப்படி ஆசைப்பட்டிருக்க மாட்டார். தொட்டி மாறியிருக்கலாம் என்று திருப்பிச் செய்தார். நான்கு. வேறு தூள் கலந்திருக்கலாம் என்று வேறு அறையில் செய்தார். நான்கு. ஊரெல்லாம் ஒரே ரகம் இருந்தால் அதை உடைக்கிற புதுத் துரு என்றைக்காவது கிளம்பும். இதை வகுப்பெடுத்தவரே அவர்தான். கணவர் விட்டுப்போன ஒரே வேலைக்கு அது நடக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

இயக்குநரிடம் போனார். நாலு வாரத்தில் விதைக் குழு கூடுகிறது, வரும் பருவத்துக்குப் பதினேழைக் கொடுக்கக் கூடாது என்றார்.

"குடோன் விதையை வச்சுத்தானே பாத்திருக்கீங்க மேடம்? அதுல ஆயிரம் கலப்படம் இருக்கும். குழுவுல சிரிப்பாங்க. சார் கையால எடுத்த அசல் விதை இருந்தாலாவது பேசலாம். அதுக்கு எங்க போறது?"

அங்கே பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இருக்கு சார்," என்றார்.

வீட்டு ஃப்ரிட்ஜில், வெண்ணெய்க்குப் பக்கத்தில், ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம் இருந்தது. பதினேழின் முதல் கதிர்களிலிருந்து கணவர் விரலால் கசக்கி எடுத்த விதை. மேலே அவர் எழுத்தில் எண்ணும் தேதியும். ஐம்பத்தெட்டு விதைகள். அது மகளுக்கென்று எப்போதோ பேசி முடிவானது.

"எனக்குத் தர்றேன்னுதானே சொன்னே?" என்றாள் மகள்.

"சொன்னேன்."

"பாதியை வச்சுக்கோம்மா. பாதியைப் போடு."

"பழைய விதைடி. எத்தனை முளைக்கும்னே தெரியாது. பத்துச் செடியைக் காட்டினா, போதாதும்பாங்க."

"மொதல்ல இதைப் பெருக்கிட்டு அப்புறமா பாரேன்."

"அதுக்கு ஒரு பருவம் ஆகும். அதுக்குள்ள விதைச்சிடுவாங்க."

மகள் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாள். "அப்பா இருந்தா விட்டிருப்பாரா?"

"சண்டை போட்டிருப்பாரு. அப்புறம் அவரே எண்ணிக் குடுத்திருப்பாரு."

மகள் பொட்டலத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முப்பத்துமூன்று முளைத்தன. விதைத்த எட்டாம் நாள் தூள் தூவுவதற்கு முன், அந்தப் பச்சையை அவர் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பார்த்ததாகப் பசுமைக்குடில் ஊழியர் சொல்கிறார். பிறகு தூவினார். தூவிய பத்தாம் நாள் முதல் கொப்புளம் வந்தது. பதினான்காம் நாள் அவர் நாற்றுகளை வரிசையாக எண்ணிக்கொண்டு போனார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, விட்ட இடம் மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

காலிப் பொட்டலமாவது மகளுக்கு மிஞ்சும் என்று நினைத்திருந்தார். அதுவும் மிஞ்சவில்லை. விதை அசல்தான் என்பதற்குக் கணவரின் கையெழுத்துதான் ஆதாரம் என்று இயக்குநர் அதைக் கோப்பில் வைத்துத் தைக்கச் சொன்னார்.

குழு பதினேழை நிறுத்தியது. வேறு ரகம் போட்டார்கள், மகசூல் கொஞ்சம் குறைந்தது. "நல்லாத்தானே இருந்துச்சு பதினேழு, எந்தப் புண்ணியவான் நிறுத்தினானோ?" என்று விவசாயிகள் அலுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் துரு எங்கும் பெரிதாக வரவில்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வது? பதினேழு பட்டியலிலிருந்து போனபோது, உருவாக்கியவர் என்ற கட்டத்திலிருந்து கணவர் பெயரும் போனது.

கணவர் எடுத்துவைத்த ஐம்பத்தெட்டு விதைகளையும் இவர் விதைத்தார்; முளைத்த முப்பத்துமூன்றிலும் துருவைத் தூவினார்; முப்பத்துமூன்றுக்கும் நான்கு என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.